பங்களாத் தொட்டியின் பாசி

பாசியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தெமோதரைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவில் மூன்று வருடம் பாசியோடு மல்லுக்கட்டியவள் நான். துரை புத்தகத்தைப் பார்த்துத் தோற்றார். கொழும்பிலிருந்து வந்த ஆள் மருந்து ஊற்றித் தோற்றார். கடைசியில் பதினெட்டு வருடம் கொழுந்து எடுத்த இந்தக் கைதான் ஜெயித்தது. பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்.

என் பெயர் வடிவம்மா. 1999இல் மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் கெட்டுப்போனது. கொழுந்து வேலை இனி ஆகாது என்று என்னைப் பங்களாவில் கூட்டித் துடைக்கப் போட்டார்கள். முதல் நாள் முன் ஹாலுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் கடல். எங்களைச் சுற்றி நாலு பக்கமும் தேயிலை மலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் அரை நாள் போக வேண்டும். அந்த இடத்தில் இந்த மனுஷன் கடலைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்திருந்தார். செம்மஞ்சள் மீன் இரண்டு, மஞ்சள் மீன் ஒன்று, நீலத்தில் சின்னச் சின்னதாக ஐந்தாறு, கல்லின் மேல் பூப்போல விரிந்து சுருங்குகிற பவளங்கள்.

எங்கள் துரை சிங்களவர். தமிழ் எங்களைப் போலவே பேசுவார். துரைசாணி பிள்ளைகளின் படிப்புக்காகக் கொழும்பில் இருந்தார். அதனால் அந்த மீன்கள்தான் அவருக்கு வீடு, குடும்பம் எல்லாம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திவிட்டு, பங்களாவுக்கு வந்ததும் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மீன்களிடம் மெதுவாகப் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களிடமும் அந்தக் குரலில் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று மட்டும் எனக்குத் தோன்றும்.

தொட்டிக்குக் கடல் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கொழும்பிலிருந்து ஒரு உப்புத் தூள் பெட்டி பெட்டியாக வரும். அதைப் பங்களாக் குழாய்த் தண்ணீரில் அளந்து கரைத்தால் கடல் தயார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பாசி வரும்வரை.

அது சாதாரணப் பாசி இல்லை. பச்சைத் தலைமயிர் மாதிரி கல்லெல்லாம் நீளமாகத் தொங்கியது. பவளத்தை மூடியது, பம்பை அடைத்தது. இன்றைக்குக் கண்ணாடியைத் துடைத்தால் நாளை மறுநாள் மறுபடி பச்சை. பதினைந்து நாளைக்கு ஒருதடவை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் பாசி குறையும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். துரை வாரத்துக்கு ஒருதடவை மாற்றினார். மாற்ற மாற்றப் பாசி கூடியது. அவருக்கு வெறி பிடித்தது போல் ஆகிவிட்டது.

பிறகுதான் கொழும்பு ஆள் வந்தார். ஒரு போத்தல் மருந்தை ஊற்றிவிட்டு, சோறு தின்றுவிட்டுப் போனார். நாலு நாளில் பாசி வெளுத்துச் செத்தது. துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறாம் நாள் தண்ணீர் நாறியது, நீல மீன் இரண்டு மிதந்தன. ஒரு மாதத்தில் பழையதைவிட அடர்த்தியாகப் பாசி வந்து உட்கார்ந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"கவ்வாத்து வெட்டின கிளைய மண்ணுல பொதைக்கச் சொல்றீங்களே தொர, எதுக்குங்க? மக்கி எருவாகத்தானே? இங்கயும் அதேதான் நடக்குது. செத்த பாசி எங்கயும் போகல. உள்ளயே மக்கி அடுத்த பாசிக்கு எருவாயிருச்சு" என்றேன்.

"நீ தொடைக்கிற வேலைய பாரு வடிவம்மா" என்றார் துரை.

பார்த்தேன். துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன்.

2002 ஐப்பசி மாதம். மழை பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் தங்கராஜா உரம் போடுகிற கூட்டத்தில் வேலை. நாலாம் நம்பர் மலைக்கு உரம் போட்டுவிட்டு வந்தார் என்றால் சாரம், சட்டை, தலைமயிர் எல்லாம் அந்தக் காரவாடைதான் வீசும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். எட்டு ஒன்பது நாள் போனதும் பங்களாத் தொட்டி கரும்பச்சையாகிவிட்டது. எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சித்திரையில் அவர் உரம் போட்டு வந்த பிறகும் இதே கூத்துதான் நடந்தது. பங்களாவுக்குத் தண்ணீர் வருகிற ஊற்று நாலாம் நம்பர் மலையின் அடியில்தான் இருக்கிறது. அதே ஊற்றுத் தண்ணீர் இன்னும் கீழே ஓடிவந்துதான் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற எங்கள் லயத்தின் பீலிக் குழாயில் விழுகிறது. முப்பத்தெட்டுக் குடும்பம் குடிக்கவும் குளிக்கவும் அந்த ஒரே பீலி.

அந்த வாரமே அடுத்த இடி விழுந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டில் பிரதீஷ் என்று ஒரு பையன், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவனுடைய நாலு மாதப் பிள்ளைக்கு உதடும் நகமும் நீலமாகிவிட்டது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. பிள்ளை மூச்சுக்கு அடித்துக்கொண்டது. தாய்க்காரி கத்திக்கொண்டு என் வாசலுக்கு ஓடிவந்தாள். நான்தான் பிள்ளையை வாங்கிக்கொண்டு, தோட்டத்து லொறியில் அவர்களை ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஆரூரன் என்று யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர். ஊசி போட்டு, பிள்ளையின் நிறம் திரும்பிய பிறகு எங்களிடம் வந்தார்.

"பிள்ளைக்கு என்ன தண்ணியிலை பால் கரைச்சுக் குடுக்கிறனீங்கள்?"

"பீலித் தண்ணிதாங்க. நல்லா காய்ச்சித்தான் குடுக்கிறோம்."

"உங்கடை ஊத்துக்கு மேலை தேயிலைக்கு உரம் போடுறவையோ?"

"போடுவாங்க."

"அப்ப தண்ணியிலை கலந்த உரச் சத்துத்தான் பிள்ளையை நீலமாக்கியிருக்கு, அது காய்ச்சினாலும் போகாது அம்மா. காய்ச்சக் காய்ச்ச அந்தச் சத்துக் கூடத்தான் செய்யும். பெரிய ஆக்களுக்கு உடனை ஒண்டும் தெரியாது. புட்டிப்பால் குடிக்கிற குழந்தையளுக்குத்தான் ஆபத்து. வேறை தண்ணி எடுங்கோ. இந்த முறை பிள்ளை தப்பீட்டுது."

என் மகள் மேனுஷாவுக்கு அப்போது ஆறாம் மாதம். பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் காம்பராவுக்குத்தான் வர வேண்டும், தை மாதக் கடைசியில் பிள்ளை பிறக்கும். எனக்கு அவளைப் பெற்றபோது மூன்றாம் மாதத்துக்கு மேல் பால் ஊறவில்லை, புட்டிதான். என் உடம்புவாகுதானே அவளுக்கும் வரும். பேரப்பிள்ளை எந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறது என்ற நினைப்பு அன்றைக்குப் பிடித்தது, பிறகு விடவேயில்லை.

நல்ல தண்ணீர் இல்லாமல் இல்லை. தேயிலைக்கெல்லாம் மேலே, காட்டு ஓரத்தில் ஒரு ஊற்று இருக்கிறது. அதற்கு மேலே உரமும் இல்லை, மருந்தும் இல்லை, மரம்தான். ஆனால் வேலைக்கு ஓடுகிறவர்கள் தினம் தினம் அந்த ஏற்றத்தில் ஏறிச் சுமந்து வர முடியாது. அங்கிருந்து லயத்துக்குக் குழாய் போட்டுத் தரும்படி எங்கள் சங்கத் தலைவர் மூன்று தடவை மகஜர் எழுதிக் கொடுத்தார். மூன்றும் கம்பெனி மேசையில் தூங்கின.

எனக்கு மகஜர் எழுதத் தெரியாது. ஆனால் துரை வாரா வாரம் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கிற விதம் அத்துப்படி. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுப்பார். முதல் போத்தலிலிருந்து பத்துச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்குவார். இரண்டாம் போத்தலை அரை நிமிஷம் ஆட்டிவிட்டு அதிலும் பத்துச் சொட்டு. ஒரு நிமிஷம் குலுக்கி, ஐந்து நிமிஷம் வைப்பார். மஞ்சளாக வந்தால் தண்ணீர் சுத்தம். செம்மஞ்சள் என்றால் சுமார். சிவப்பு என்றால் தண்ணீரில் உரச் சத்து மிதமிஞ்சி இருக்கிறது. மூன்று வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு இது ஒரு வித்தையா?

அடுத்த நாள் துரை பெரட்டுக்குப் போயிருந்த நேரத்தில் மூன்று குழாய்களில் மூன்று தண்ணீரை எடுத்துச் சோதித்து, அவருடைய சாப்பாட்டு மேசையில், பாணுக்கும் பட்டருக்கும் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி வைத்தேன்.

வந்தவர் பார்த்ததும் முகம் கறுத்தது. "இதெல்லாம் யாரு ஒன்ன தொடச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. பாத்துட்டு ஏசுங்க."

அவர் கை தானாகச் சிவப்பாக இருந்த குழாயைத் தூக்கியது. "தொட்டித் தண்ணி இவ்வளவு மோசமாயிருச்சா?"

"அது தொட்டித் தண்ணி இல்லீங்க தொர. எங்க லயத்துப் பீலி. நடுவுல இருக்கிறது பங்களாக் குழாய், அதுவும் செவப்புதான், கொஞ்சம் கம்மி. அந்தா மஞ்சளா இருக்கே, அது காட்டு ஊத்து. தொட்டித் தண்ணிய வாரா வாரம் சோதிக்கிறீங்க. தொட்டிக்குள்ள ஊத்துற தண்ணிய ஒரு நாளாவது சோதிச்சீங்களா?"

துரை உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் மாற்ற மாற்றப் பாசி ஏன் கூடியது என்று அவருக்கு அந்த நிமிஷமே விளங்கியது. நாலாம் நம்பர் மலைக்கு உரம் போடச் சொல்லி உத்தரவு எழுதுகிற கையும், அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிற கையும் அவருடையதுதானே. நான் பிரதீஷ் பிள்ளையின் கதையைச் சொன்னேன், டொக்டர் சொன்னதைச் சொன்னேன். "ச்சே, பாவம்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. காரியம் பழுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை காட்டு ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் வந்தது. நாலு பெரிய கேன், இரண்டு ஆள், ஆளுக்கு ஒரு காவுதடி. ஆள் யார் என்றால் என் வீட்டுக்காரரும் பிரதீஷும். பங்களா ஒரு மேட்டில் இருக்கிறது. காட்டுப் பாதை எங்கள் லயத்து வாசலைத் தாண்டித்தான் அதற்கு ஏறும். இரண்டு பேரும் கேன்களைச் சுமந்துகொண்டு எங்கள் பீலியைத் தாண்டி, பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி மேலே போனார்கள்.

மீனுக்கு.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவ்வளவு தூரம் காட்டியும் அந்த மனுஷனுக்கு மீன் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி தங்கராஜா மேல் எரிந்து விழுந்தேன். "நான் என்ன செய்யட்டும், சொமக்கச் சொன்னாங்க, சொமந்தேன்" என்றார் அவர். அவர் சொன்னதும் நியாயம்தான். கழுவிற மீனில் நழுவிற மீன் அந்தத் துரை. ஆத்திரப்பட்டு அவரைப் பிடிக்க முடியாது. திங்கட்கிழமை முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"தொர, நல்ல தண்ணி ஊத்தினா மட்டும் பத்தாது. ஏற்கெனவே உள்ள இருக்கிற உரம் எங்க போகும்? பாசி அத தின்னுகிட்டே கெடக்கும். எரியறத புடுங்கினாத்தான் கொதிக்கிறது அடங்கும்."

"எப்படிப் புடுங்குவ?"

"பாசிய வளக்கணும்."

"ஒழிக்கத்தானே மூணு வருஷமா மாரடிக்கிறேன்."

"அதுதாங்க தப்பு. கொழுந்து எடுக்கிற மலைக்கு எதுக்கு உரம் போடுறீங்க? மண்ணுல இருக்கிற சத்து கொழுந்தோட கூடையில ஏறிப் போயிருது, அதனால. இங்க நமக்கு சத்து போகணும். அப்ப பாசிய ஒரு எடத்துல நல்லா வளரவிட்டு, கொழுந்து எடுக்கிற மாதிரியே ஏழு நாளைக்கு ஒரு ரவுண்டு எடுத்து வெளிய வீசணும். தண்ணியில உள்ள உரம் அதோட போயிரும். கல்லுல இருக்கிற பாசி பட்டினி கெடந்து சாகும்."

இது என் கற்பனை இல்லை. பம்புத் தண்ணீர் வந்து விழுகிற மூலையில், விளக்குக்கு நேர் கீழே, பாசி எப்போதும் கொழுத்து நிற்கும். அதை நான் பிய்த்துப் போட்ட வாரங்களில் மற்ற இடத்தில் கொஞ்சம் மெலிந்ததைக் கண்ணால் கண்டிருந்தேன்.

துரை தொட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு, "செஞ்சு பாரு" என்றார்.

"செய்யிறேன். ஒரு மாசத்துல கல்லு கல்லா தெரியும். ஆனா தொட்டி சுத்தமானதும் காட்டு ஊத்துலருந்து லயத்துக்கு ஒரு குழாய் போட்டுத் தரணும். வேலைக்கு ஆள் நீங்க தர வேணாம், நாங்களே சிரமதானமா வெட்டிப் பொதைச்சுக்கிறோம். குழாய் மட்டும் குடுங்க."

"கம்பெனி சரின்னு சொல்லணுமே."

"கேளுங்க."

"மொதல்ல நீ செஞ்சு காட்டு. அப்புறம் கேக்குறேன்."

"வாக்குங்களா?"

"வாக்கு."

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற நைலோன் வலையில் ஒரு பழைய துண்டு வாங்கினேன். கூரைத் தண்ணீர் வடிகிற பிளாஸ்டிக் தகட்டில் நாலடி வெட்டி, அதற்குள் வலையை விரித்தேன். அதைத் தொட்டிக்கு மேலே கொஞ்சம் சரிவாகக் கட்டி, பம்புத் தண்ணீரை ஒரு தலைப்பில் விட்டால் அது வலைமேல் ஓடி மறு தலைப்பால் தொட்டியில் விழும். அதன் மேலே ஒரு டியூப் லைட், நாள் முழுக்க. தொட்டிக்குள் எரிகிற விளக்கைப் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரமாகக் குறைக்கச் சொன்னேன். வலையில் உள்ள பாசிக்கு வெயில், கல்லில் உள்ள பாசிக்கு நிழல். அவ்வளவுதான் வித்தை.

முதல் வாரம் வலையில் பழுப்பாக ஒரு வழுவழுப்புத்தான் வந்தது. துரை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "புதுக் கன்னு மொதல் ரவுண்டுலயே கூடை நெறைக்குமாங்க?" என்று கேட்டேன். இரண்டாம் வாரம் பச்சை பிடித்தது. மூன்றாம் வாரம் வலையே தெரியாமல் அடர்ந்து நின்றது. நான் விரல் நுனியால் எடுத்தேன். அடியோடு வழித்தெடுக்கக் கூடாது. அடி கொஞ்சம் நின்றால்தான் அடுத்த ரவுண்டுக்குத் துளிர்க்கும். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. எடுத்ததைச் சமையலறைத் தராசில் போட்டேன். முக்கால் கிலோ.

"தண்ணிக்குன்னு நூறு கிராம் கழிச்சுக்கங்க தொர. மலையில எங்க கொழுந்துல அப்படித்தானே கழிக்கிறாங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரிக்கத்தான் முடியும், வேறு என்ன செய்வார்.

நாலாம் ரவுண்டு எடுத்தபோது மார்கழி பிறந்து நாலைந்து நாள். கல்லெல்லாம் ஊதா நிறத்தில் தெரிந்தது. மூடிக்கிடந்த பவளங்கள் விரிந்தன. துரை கொழும்புக்கு ஃபோன் போட்டுத் துரைசாணியிடம், "நம்ம வடிவம்மா செஞ்சுட்டா" என்று தமிழிலேயே சொன்னார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"அப்ப குழாய்ங்க?" என்றேன்.

துரை நாற்காலியில் நெளிந்தார். "இப்பவே கேட்டா நடக்காது வடிவம்மா. மார்ச்சுல புது வருஷத் திட்டம் போடுவாங்க. அப்ப பாப்போம்."

"மார்ச்சுலங்களா."

"ம்."

தை மாதத்துக்கும் மார்ச்சுக்கும் நடுவே என் பேரப்பிள்ளை இருந்தது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த இரண்டு வாரமும் வாயைத் திறக்கவில்லை. என் வாய் மூடியிருந்தால் யாராக இருந்தாலும் கொஞ்சம் பயப்பட வேண்டும்; துரைக்கு அது தெரியவில்லை.

மேனுஷா வந்து சேர்ந்தாள். வயிறு முன்னால் வர, அவள் பின்னால் வந்தாள். வந்த மறுநாள் சனிக்கிழமை. தங்கராஜாவும் பிரதீஷும் காட்டு ஊற்றிலிருந்து கேன்களோடு லயத்து வாசலுக்கு வந்தார்கள். நான் பாதையின் நடுவே நின்றேன்.

"எறக்கி வைங்க."

"என்னா புள்ள, தொர பாத்துகிட்டு இருப்பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருக்கட்டும். எறக்கி வைங்கன்னேன்."

பிரதீஷ் என் முகத்தைப் பார்த்தான், காவுதடியை இறக்கினான். லயத்துப் பெண்களைக் கூப்பிட்டேன். கைப்பிள்ளைக்காரிகள், புட்டிப்பால் கொடுக்கிறவர்கள் முதலில் வாருங்கள் என்றேன். குடம், வாளி, சட்டி எல்லாம் வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுகிற பிள்ளைமடுவத்துப் பானையும் வந்தது. நாலு கேனும் காலி. பிறகு அந்த நாலு கேனையும் எங்கள் பீலியில் பிடித்து நிறைத்தேன்.

"தொர வேலைய விட்டுத் தூக்கிருவாரு வடிவு" என்றார் தங்கராஜா.

"நீங்க சொமந்ததோட சரி, செஞ்சது நானு. நானே வந்து சொல்றேன். நடங்க."

முழங்கால் வலிக்க வலிக்க மேட்டில் ஏறினேன். பயமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. கோபம் இருக்கிற இடத்தில் பயத்துக்கு ஏது இடம். துரை உப்புத் தூளை அளந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். கேன்களை ஹாலில் வரிசையாக வைத்துவிட்டு இரண்டு பேரும் வாசலில் நின்றுகொண்டார்கள்.

"தொர, ஊத்துறதுக்கு முந்தி கேட்டுக்கங்க. இது காட்டு ஊத்து இல்ல. லயத்துப் பீலித் தண்ணி. காட்டுத் தண்ணிய எங்க புள்ளைகளுக்குப் பகிர்ந்து குடுத்துட்டேன். இந்த வாரம் எங்க தண்ணி மீனுக்கு, மீன் தண்ணி எங்களுக்கு."

துரையின் முகம் சிவந்தது. "ஒனக்குப் பைத்தியமா? இவ்வளவு பாடுபட்டுத் தொட்டிய சுத்தமாக்கிட்டு, இத ஊத்தச் சொல்றியா? மீன் செத்துப் போகும்."

"சாகாதுங்க" என்றேன். "மூணு வருஷமா இந்தத் தண்ணியிலதானே கெடந்துச்சு. மீனுக்கு இது ஒன்னும் செய்யாது. பாசிதான் வரும், நான் எடுத்துப் போட்டுருவேன். ஒதடு நீலமாகிறது எங்க புள்ளைகளுக்குத்தான்."

பிரதீஷ் வாசலில் நிற்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. பிள்ளையின் தகப்பன் யார் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வாரமாக மீனுக்குத் தண்ணீர் சுமந்தவன் அவன்தான் என்பதும் தெரியும். இரண்டையும் அவர் ஒன்றாக வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். துரை தலையைக் குனிந்துகொண்டு உப்புத் தூளை மறுபடி பெட்டிக்குள் கொட்டினார்.

"ஒன் மகளுக்கு எத்தன மாசம்?" என்று கேட்டார்.

"எட்டு முடியப் போகுதுங்க."

எழுந்து போய் மேசையில் உட்கார்ந்தார். காகிதம் எடுத்தார். என்னைக் கூப்பிட்டு, தான் இங்கிலீஷில் எழுதுவதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பங்களாவில் உள்ள கடல்மீன் தொட்டிக்குக் காட்டு ஊற்றின் தண்ணீர் தேவை. அரை அங்குலக் குழாய், ஆயிரத்து இருநூறு கெஜம். மிக அவசரம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லயத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே தொர."

"லயத்துக்குன்னு எழுதினா இது நாலாவது மகஜரா மேசையில கெடக்கும். போன வருஷம் கம்பெனிப் பெரிய ஐயா குடும்பத்தோட வந்து இந்தத் தொட்டி முன்னால ஒக்காந்து படம் புடிச்சுகிட்டுப் போனாரு. மீனுக்குன்னா குடுப்பாங்க. பாரு."

பார்த்தேன். ஒன்பதே நாளில் அனுமதி வந்தது. முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கு மூன்று மகஜரில் கிடைக்காத குழாய், ஆறேழு மீனுக்கு ஒரு கடுதாசியில் லொறி ஏறி வந்து இறங்கியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆண், பெண் எல்லோரும் மண்வெட்டியோடு இறங்கினோம். குழாய் லயத்து வாசலைத் தாண்டித்தானே மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கே இரண்டு பைப்புத் தலையைப் பொருத்தினோம். துரை பார்த்தார், பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்.

தை இருபத்தேழாம் தேதி மேனுஷாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தர்மிளா என்று பெயர் வைத்தோம். நான் பயந்தது போலவே மூன்றாம் மாதத்தில் மேனுஷாவுக்குப் பால் வற்றியது. புட்டியில் பால் கரைத்தோம், காட்டுத் தண்ணீரில். பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தது.

2004இல் துரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. தொட்டியையும் மீன்களையும் பாசி வலையையும் கையோடு கொண்டுபோய்விட்டார். போகும்போது என்னிடம், "ரவுண்டு எடுக்க அங்க யாருக்கும் தெரியாதே வடிவம்மா" என்றார். அந்தத் தொட்டி நின்ற இடத்தில் இப்போது ஒரு சோபா கிடக்கிறது.

கம்பெனிக் கணக்கில் அது இன்றும் மீன் தொட்டிக் குழாய்தான். வருஷா வருஷம் அதைப் பழுதுபார்க்க ஆள் வருகிறது, உடைந்த துண்டுக்குப் புதுக் குழாய் வருகிறது, ஒரு நாள் தண்ணீர் நின்றால்கூட ஏன் என்று ஃபோன் வருகிறது. மீன்கள் போய்விட்டன என்று இதுவரை யாரும் எழுதவில்லை. போன மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் கேட்டாராம், மீன்கள் எப்படி இருக்கின்றன என்று. முப்பத்தெட்டுக் குடும்பமும் நலம் என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, மீன்கள் நலம் என்று ஆபீஸ் கிளார்க் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்லும்படி அவரிடம் சொல்லி வைத்தது நான்தான்.